சட்டர் இறங்கிய பிறகு ஓடும் மீட்டர்

அத்தியாயம் 5: கிளைக் கடைகளில் மின் செலவைக் குறைப்பது

இரண்டு மூன்று கிளை வைத்து வியாபாரம் செய்பவர்கள் கரண்ட் பில் ஏறியதும் புது ஏசிக்கு விலை கேட்பார்கள், இல்லையென்றால் மொட்டை மாடியில் சோலார் போட ஆள் கூப்பிடுவார்கள். இரண்டும் பின்னால் செய்ய வேண்டியவை. முதல் வேலைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொரு கிளையிலும் இரவு சட்டர் இறக்கும்போது மீட்டரில் உள்ள எண்ணை எழுதுங்கள். காலையில் சட்டர் தூக்கியதும் விளக்கு போடுவதற்கு முன் மறுபடியும் எழுதுங்கள். நாளுக்கு இரண்டு எண், அவ்வளவுதான். ஒரு மாதம் விடாமல் எழுதினால், எங்கே பணம் போகிறது என்பதில் பாதி அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் எதையும் வாங்காதீர்கள்.

இந்த அத்தியாயத்துக்குத் திருவனந்தபுரம் கரமனையைக் களமாக வைத்துக்கொள்கிறேன். கிள்ளிப்பாலத்திலிருந்து கரமனைச் சந்திப்பு, ஆற்றுப் பாலம், நீறமண்கரை, கைமனம், பாப்பனங்கோடு என்று நாகர்கோவில் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை இது. பிராவச்சம்பலம் வரை சாலையை அகலப்படுத்திய பிறகு பல கடைகளின் முகப்பு இடிந்து, கண்ணாடி வைத்துப் புதிதாக எழும்பின. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் அக்கிரகாரத்துப் பழைய வீடுகள், குறுகிய முகப்பும் நீண்ட உடலுமாக. கொஞ்சம் தள்ளி ‘சாலை’ என்றே பெயர் கொண்ட கடைத்தெரு. தலைமுறைகளாகத் தமிழ் பேசும் வியாபாரிகள் இந்தப் பக்கம் நிறைய. கரமனையில் ஒன்று, பாப்பனங்கோட்டில் ஒன்று, பாலராமபுரத்தில் ஒன்று என்று கடை வைத்திருப்பவருக்கு இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் காற்றின் ஈரத்தையும் கட்டண விகிதத்தையும் தன் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

இது ஒரு கடையின் லாபக் கணக்கோடு முடிகிற விஷயமும் இல்லை. கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. ட்ரான்ஸ்ஃபார்மர்கள் தாங்காமல் பல இடங்களில் இரவில் கரண்ட் போனது. இரவு ஒன்பதுக்கு மேல் அலங்கார விளக்கையும் விளம்பரப் பலகையையும் அணைக்கும்படி கடைக்காரர்களை மின்வாரியம் அப்போது கேட்டுக்கொண்டது. பூட்டிய கடையின் முகப்பில் எரியும் பலகைக்கும், பக்கத்து வீட்டில் மின்விசிறி நின்று புழுங்கும் குழந்தைக்கும் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர். இந்த வேலையை நான் முக்கியமாக நினைப்பதற்கு அது ஒரு காரணம்.

இரவுக் கணக்கு

மின்வாரியத்தின் எலக்ட்ரானிக் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். தேதி வரும், நேரம் வரும், வோல்டேஜ் வரும். நமக்கு வேண்டியது kWh (கிலோவாட் ஹவர்) என்ற குறியோடு வரும் எண் மட்டும். கடையைப் பூட்டும் ஆளுக்கு அதை ஒருமுறை காட்டிக்கொடுங்கள். பெரிய கடைகளில் சிடி (கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்) வைத்த மீட்டர் இருக்கும். அங்கே காட்டும் எண்ணைப் பெருக்கு எண்ணால் பெருக்கினால்தான் யூனிட் கிடைக்கும். பெருக்கு எண் எவ்வளவு என்பதை பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நோட்டில் ஐந்து பத்தி போதும்: தேதி, காலை எண், இரவு எண், இரவில் ஓடிய யூனிட், குறிப்பு. குறிப்புப் பத்தியைக் காலியாக விடாதீர்கள். மழை, கரண்ட் கட், ஓணக் கூட்டம் எல்லாம் அங்கே வர வேண்டும். ஆற்றுக்கால் கோவில் பொங்காலை நாளில் இந்தப் பகுதி முழுக்க அடுப்பும் கூட்டமுமாக இருக்கும், கடை வழக்கம்போல் நடக்காது. அந்த நாளைக் குறித்து வைக்காவிட்டால் அடுத்த வருடம் ஒப்பிடும்போது கணக்கு புரியாது.

இரவு ஒன்பதரைக்குப் பூட்டி காலை எட்டரைக்குத் திறக்கும் கடைக்கு இடையில் பதினொரு மணி நேரம். ஆளில்லாத, வியாபாரமில்லாத பதினொரு மணி நேரம். துணிக்கடையில் இந்த நேரத்தில் கேமராவைத் தவிர ஒன்றும் ஓட வேண்டியதில்லை. பலசரக்குக் கடையில் ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் ஓடும். மேனேஜரைக் கேட்டால், “ராத்திரி ஃப்ரிட்ஜ் மட்டும்தான் சார் ஓடும், வேற ஒண்ணும் கெடயாது” என்பார். அவர் மறைத்துச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். அதனால் வாதம் வேண்டாம், இருவருமாக மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள்.

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். 1,600 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை பூட்டிய நிலையில் ஒரு நிமிடத்துக்கு 40 முறை மின்னினால், மணிக்கு 2,400 முறை. அதை 1,600 ஆல் வகுத்தால் ஒன்றரை. அதாவது ஒன்றரை கிலோவாட் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினொரு மணி நேரத்துக்குப் பதினாறரை யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 495 யூனிட். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதால் ஒரே நிமிடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்து நிமிட இடைவெளியில் நாலைந்து தடவை எண்ணிச் சராசரி எடுங்கள்.

பிறகு மெயின் போர்டில் உள்ள எம்சிபி (சர்க்யூட் பிரேக்கர்) ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒன்று இறக்கியதும் மின்னுவது எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் விஷயம் வெளிவரும். ஸ்டோர் ரூமில் சாக்கு அடுக்குக்குப் பின்னால் எரியும் ட்யூப்லைட். குடிதண்ணீர் மெஷினில் யாரும் குடிக்காத வெந்நீரை இரவெல்லாம் சுட வைத்துக்கொண்டிருக்கும் டேங்க். கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன். பில்லிங் கம்ப்யூட்டர்கள், அவற்றின் யூபிஎஸ். ஒழுகும் குழாயால் அடிக்கடி தானாக ஓடும் தண்ணீர் மோட்டார். கணக்கறையில் அணைக்க மறந்த ஏசி. முகப்புப் பலகை. ஃப்ரிட்ஜுக்கு 900 வாட் போக மீதி 600 வாட் இவற்றுக்குப் போகிறதென்றால், மாதம் 198 யூனிட் இருட்டில் கரைகிறது. இதை நிறுத்த ஒரு பைசா முதலீடு வேண்டாம்.

எம்சிபியில் பெயர் ஒட்டுங்கள். “இரவில் இறக்கு” என்று சிவப்பில், “தொடாதே” என்று பச்சையில். எழுத்து மலையாளத்திலும் தமிழிலும் இருக்கட்டும், வேண்டுமானால் இந்தியிலும். பூட்டுகிற பையன் எந்த ஊர்க்காரன் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஃப்ரிட்ஜும் விளக்கும் ஒரே எம்சிபியில் இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிரித்துவிடுங்கள். ஒரு நாள் வேலை, கடையின் ஆயுளுக்கும் பலன்.

கிளைக்குக் கிளை

ஒற்றைக் கடைக்காரருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு. அவருக்குத் தன் பில் அதிகமா குறைவா என்று தெரிய வழியில்லை. உங்களுக்கு உங்கள் கிளைகளே அளவுகோல். மாத யூனிட்டைக் கடையின் சதுர அடியால் வகுத்து எல்லாக் கிளையையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஃப்ரீசர் வைத்த கடையை ஃப்ரீசர் வைத்த கடையோடுதான் ஒப்பிட வேண்டும், துணிக்கடையைத் துணிக்கடையோடு. பாப்பனங்கோட்டுக் கடையும் கரமனைக் கடையும் ஒரே சரக்கு, ஒரே நேரம், ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியிருந்தும் ஒன்றில் சதுர அடிக்கு ஒன்றரை மடங்கு யூனிட் ஓடினால் அங்கே ஏதோ ஒரு குறை இருக்கிறது. தேடினால் அகப்படும்.

எதைப் புதிதாக மாற்றுவதானாலும் ஒரு கிளையில் மட்டும் மாற்றி, இன்னொன்றை அப்படியே விட்டு, இரண்டு மாதம் நோட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் வால்மார்ட் இப்படித்தான் தொடங்கியது. 2005இல் டெக்சாஸ் மாநிலத்து மெக்கின்னியிலும் கொலராடோ மாநிலத்து அரோராவிலும் இரண்டு சோதனைக் கடைகளைத் திறந்து, பகல் வெளிச்சம், குளிர் அலமாரிக்குள் எல்இடி விளக்கு என்று பலவற்றையும் அங்கே செய்து பார்த்தது. நாலு கிளை வைத்திருப்பவருக்கும் முறை இதுதான். விற்க வருபவர் “நாற்பது சதவீதம் மிச்சம்” என்று சொன்னால், “ஒரு கடையில் போடுங்கள், மீட்டர் சொல்லட்டும்” என்று சொல்லுங்கள்.

கம்பெனி கொடுத்த கூலர்

பலசரக்கு, சூப்பர் மார்க்கெட் வகைக் கடைகளில் கரண்ட் பில்லின் பெரும்பங்கைக் குளிர்சாதனங்கள்தான் தின்னும். அதிலும் நம் கடைகளுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. குளிர்பானக் கம்பெனி கண்ணாடிக் கதவு வைத்த கூலரை இலவசமாகக் கொடுக்கும். ஐஸ்கிரீம் கம்பெனி ஃப்ரீசர் கொடுக்கும். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் 24 மணி நேரமும் ஓடும் கரண்டுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி இல்லை. கூலரின் தலையில் எரியும் விளம்பர விளக்குக்கும் சேர்த்து நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

பிளக்கில் செருகும் சின்ன எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூலரையும் அதன் வழியே இரண்டு நாள் ஓட விட்டு, நாளுக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். அந்தக் கூலரிலிருந்து மாதம் விற்கும் சரக்கின் லாபத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். சில கூலர்கள் தங்கள் கரண்டுக்குக்கூடச் சம்பாதிப்பதில்லை. மூன்று கம்பெனிக் கூலரில் பாதிப் பாதி சரக்கு கிடந்தால், ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதிதாக வாங்கிக்கொள்வதானால், பழைய மாடலைத் தள்ளிவிடப் பார்க்கும் விற்பனைப் பிரதிநிதியிடம் இன்வெர்ட்டர் கம்ப்ரசரும் எல்இடி விளக்கும் உள்ள மாடலைக் கேளுங்கள். சங்கிலிக் கடைக்காரர் கேட்டால் கிடைக்கும். கிளைகளின் எண்ணிக்கைதான் பேரம் பேசும் பலம்.

பாட்டில் குளிர்பானமும் தண்ணீரும் மட்டும் இருக்கும் கூலரை இரவில் டைமர் வைத்து நிறுத்தலாம். அவை கெட்டுப்போகும் பொருள் இல்லை. திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மறுபடி ஓடத் தொடங்கினால் போதும். நிறுத்திய நேரம் முழுவதும் லாபம் என்று கணக்குப் போடாதீர்கள். மறுபடி குளிர வைக்கக் கொஞ்சம் கரண்ட் போகும். மிச்சத்தின் அளவை நோட்டில் பாருங்கள். பால், தயிர், வெண்ணெய், மீன், இறைச்சி, மாவு, ஐஸ்கிரீம் இருக்கும் எதையும் இப்படி நிறுத்தவே கூடாது. உறைந்த சரக்கு மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆனால் மைனஸ் 24 வரை இறக்கி வைத்திருக்கும் ஃப்ரீசர்களும் நிறைய உண்டு. “நல்லாக் கூலாயிருக்கட்டும்” என்று யாரோ திருகிவிட்டிருப்பார்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள்.

இனி ரப்பர். கதவைச் சுற்றி வரும் கேஸ்கெட்டைத்தான் சொல்கிறேன். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடித்துக்கொண்டால் கதவு சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. கதவின் நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். பெரும்பாலும் கீழ்மூலையில்தான் போயிருக்கும். தரையைக் கழுவும் தண்ணீரும் அழுக்கும் படிந்து ரப்பர் விறைத்து, விரிந்துவிடும். திருவனந்தபுரத்துக் காற்றில் வருடம் முழுக்க ஈரம் உண்டு. அந்த ஈரக்காற்று இடுக்கு வழியாக உள்ளே போய்ப் பனியாகப் படிகிறது. பனி தடித்தால் குளிர் சரக்குக்குப் போகாமல் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். விரற்கடை அளவு பனி சேரும்வரை விடாதீர்கள். கால் அங்குலம் தொட்டதுமே சரக்கை வேறு ஃப்ரீசருக்கு மாற்றி, கரைத்துத் துடையுங்கள். கத்தி போட்டுச் சுரண்டக் கூடாது, குழாய் ஓட்டையாகிவிடும். ஜூனில் மழை பிடித்தால் பனி சேரும் வேகம் கூடும். கோடைக்கு ஒரு அட்டவணை, மழைக்கு ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜின் பின்புறக் கண்டென்சரைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலைத் தூசியும் அரிசி, மிளகாய் மூட்டைகளின் தூளும் சேர்ந்து அதன்மேல் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். வெப்பம் வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரசர் திணறும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். அங்கே காலி அட்டைப்பெட்டியை ஒளித்து வைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். கரமனைக் கடை முகப்பில், மாலை வெயில் நேரே விழும் இடத்தில் ஐஸ்கிரீம் ஃப்ரீசரை வைப்பவர்கள் பலர். வாங்குபவர் கண்ணில் படட்டும் என்றுதான் வைக்கிறார்கள். நாலடி உள்ளே தள்ளினாலும் கண்ணில் படும்.

ஈரக் காற்றோடு மல்லுக்கட்டு

இந்த ஊரில் வெயிலைவிட ஈரம்தான் பெரிய எதிரி. டெல்லியைப் போல 45 டிகிரி இங்கே அடிப்பதில்லை. ஆனால் வேர்வை காயாது. கடைக்குள் ஏசி செய்யும் வேலையில் கணிசமான பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றுவது. பின்புறக் குழாயில் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீரைப் பார்த்தால் தெரியும். அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு சொட்டையும் கரண்ட் கொடுத்துத்தான் பிழிகிறோம்.

அதனால் கதவு பற்றி ஒரே ஒரு முடிவு எடுங்கள்: கதவைத் திறந்து வைத்து ஃபேன், அல்லது கதவை மூடி ஏசி. நடுவில் நிற்காதீர்கள். “கதவு திறந்திருந்தால்தான் ஆள் ஏறும்” என்று ஏசியையும் போட்டுக் கதவையும் திறந்து வைக்கும் கடை, கரமனைச் சாலையின் ஈரத்தை எல்லாம் பிழிய முயல்கிறது. பிரான்ஸ் நாட்டில் 2022இல் இதற்கு ஆணையே வந்தது. ஏசியோ ஹீட்டரோ ஓடும் கடை கதவைத் திறந்து வைத்தால் அபராதம். நமக்குச் சட்டம் இல்லை, ஆனால் பில் இருக்கிறது. தானே மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு போடுங்கள். ஆள் வந்து போவது ஓயாத கடையென்றால் ஏர் கர்ட்டன் வைக்கலாம். அதன் காற்று தரைவரை இறங்குகிறதா என்று ஊதுபத்திப் புகையை வைத்துப் பாருங்கள். பாதிவழியில் கலைந்துபோகும் ஏர் கர்ட்டனால் பயனில்லை.

இன்னொன்று, டன் அளவு. பெரிய ஏசி போட்டால் சீக்கிரம் குளிரும், நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய வகைப் பெரிய ஏசி சீக்கிரம் குளிர்வித்துச் சீக்கிரம் நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் கிடைக்காது. கடை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். அந்தப் பிசுபிசுப்பைப் புழுக்கம் என்று நினைத்துப் பையன் ரிமோட்டை எடுத்து 20க்கு இறக்குவான், பில் ஏறும். இடத்துக்கு ஏற்ற அளவில் இன்வெர்ட்டர் ஏசி, மெதுவாக விடாமல் ஓடினால் ஈரமும் போகும். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நான் கடைகளுக்குச் சொல்வது 26 டிகிரியும் கூடவே மின்விசிறியும். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு. ரிமோட்டை மேனேஜர் மேசையில் பூட்டி வைப்பதைவிட, ஏன் 26 என்பதைப் பணியாளர்களிடம் சொல்லிவிடுவது மேல். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள் அவர்கள்தான், அவர்களுக்கு வேர்க்கக் கூடாது. ஃபேன் எங்கே வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஏசி ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தம்பானூர்க் காப்பிக் கடை

புதுக் கிளை கட்டப்போகிறவர், வரைபடம் போடும் முன் கரமனையிலிருந்து பஸ் ஏறித் தம்பானூர் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வர வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸ், சுருள் சுருளாக மேலேறும் செங்கல் கட்டடம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் இதே ஊரில் மறைந்தவர் அவர். காப்பி ஹவுஸும் ஒரு சங்கிலிக் கடைதான். வேலை இழந்த காப்பி போர்டு தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் முயற்சியில் கூட்டுறவாகச் சேர்ந்து 1958இல் கேரளத்தில் தொடங்கியது, இன்று மாநிலம் முழுக்கக் கிளைகள்.

உள்ளே தரை சரிவாக ஏறிக்கொண்டே போகும். மேசைகள் வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக. அந்தச் சுவரில் செங்கல் விட்டு விட்டு வைத்த துளைகள், அவற்றின் வழியே காற்றும் வெளிச்சமும் வரும், நேர் வெயில் உள்ளே விழாது. வெளியே சாலையின் இரைச்சல், உள்ளே பகலில் விளக்கு அதிகம் தேவைப்படாத ஒரு நிழல். துணிக்கடைக்கோ மருந்துக் கடைக்கோ இதை அப்படியே எடுக்க முடியாது. தூசி வரும், திருட்டுப் பயம் வரும். ஆனால் மாடிப்படிக் கூண்டு, ஸ்டோர் ரூம், கழிவறை, பணியாளர் சாப்பிடும் இடம் இவற்றுக்கு இப்படித் துளை விட்ட சாளரச் சுவர் போட யாரும் தடை சொல்லவில்லை. இன்று இந்த இடங்களில் எல்லாம் பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிகிறது.

முழுக் கண்ணாடி முகப்புதான் எனக்குப் பெரிய வருத்தம். கரமனையிலிருந்து சாலை தென்கிழக்காகப் போவதால் அதன் ஒரு பக்கத்துக் கடைகளுக்கு மதியத்துக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்கும். கண்ணாடி வழியே அந்த வெப்பத்தை உள்ளே விட்டு, ஏசி போட்டு வெளியே தள்ளுகிறோம். ஏற்கெனவே கட்டியாகிவிட்டதென்றால் வெளிப்புறத்தில் மூன்றடி நீட்டிய சாய்ப்பு அல்லது படுதா போடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே விழும் நிழல் பலமடங்கு நல்லது. உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

விளக்கு

இதைப் பலரும் செய்துவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய 36 வாட் ட்யூப்லைட் சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 48 வாட் எடுக்கும், எல்இடி 20 வாட். நாற்பது ட்யூப் உள்ள கடை நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் திறந்திருந்தால் மாதம் 437 யூனிட் மிச்சம். ஃபேனும் அப்படித்தான். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன்.

பெரும்பாலான கடைகளில் செய்யாமல் விட்டது சுவிட்ச் வரிசை. ட்யூப்களைக் கடையின் நீளவாக்கில் இணைத்திருப்பார்கள். ஒரு சுவிட்ச் போட்டால் முகப்பிலிருந்து பின்சுவர்வரை எரியும். முகப்புக்கு இணையாக, குறுக்குவாட்டில் பிரித்துக் கொடுத்தால் பகலில் முன் இரண்டு வரிசையை அணைத்துவிடலாம். பின்பக்கம் ஓட்டுக்கூரையாக இருந்தால் நம் வீடுகளில் அடுக்களைக்கு மேல் வைப்பார்களே, அந்தக் கண்ணாடி ஓடு இரண்டு வையுங்கள்.

துணிக்கடைக்காரர்களுக்கு ஒரு சொல். புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போகும் வாடிக்கையாளரைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு போடாதீர்கள். விளக்கு நிறத்தைச் சரியாகக் காட்டவில்லை என்பதுதான் காரணம். சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

மேல்தளம்

கடை மேல்மாடியில் இருந்தால் பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளம் இரவுவரை உள்ளே வெப்பத்தை இறக்கும். வெள்ளைப் பெயின்ட் அடிப்பது எளிய வழி. கேரள மழையில் ஒரே பருவத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். துலாமழை ஓய்ந்ததும், டிசம்பருக்குள், தேய்த்துக் கழுவி விட்டால்தான் கோடையில் பலன் கிடைக்கும். ஒழுக்குக்குப் பயந்து தளத்தின்மேல் தகரக் கூரை போடுவது இங்கே வழக்கம். அதுவும் நல்ல நிழல்தான், ஆனால் பக்கங்களை அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டால் வெப்பம் உள்ளே தங்கிவிடும். காற்று குறுக்கே ஓட வழி விடுங்கள்.

சோலாரை இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும், வீணாவதை எல்லாம் நிறுத்திய பிறகு. இல்லாவிட்டால் வீணாவதற்கும் சேர்த்துப் பேனல் வாங்குவீர்கள். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நாளுக்கு நாலு யூனிட்டை ஒட்டிக் கிடைக்கும், மழை மாதங்களில் குறையும். கடை பகலில் ஓடுவதால் வீட்டைவிடக் கடைக்கு சோலார் பொருத்தம். வாடகைக் கட்டடமானால் ஒப்பந்தத்தில் மாடி உரிமையைத் தனியாக எழுதி வாங்குங்கள். நெட் மீட்டர் விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் கையெழுத்துப் போடும் முன் மாநில அரசின் மரபுசாரா எரிசக்தி அமைப்பான அனெர்ட் அலுவலகத்தில் விசாரியுங்கள், அது இந்த ஊரிலேயே இருக்கிறது. டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்குச் சுமார் மூன்று யூனிட்தான் தரும். கரண்ட் போனதும் கடை முழுவதையும் அதில் ஓட்டாமல் ஃப்ரீசர், பில்லிங், நாலு விளக்கு மட்டும் என்று பிரித்து வயர் இழுத்துக்கொள்ளுங்கள்.

பில்லைப் படிப்பது

கேரளத்தில் சாதாரண வணிக இணைப்புக்கு, இதை எழுதும்போதுள்ள விகிதப்படி, யூனிட் படிக்கட்டு கரண்ட் குறைவாக ஓடும் வீட்டு இணைப்பைப் போல் இல்லை. மாதம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் மேல் விகிதம்தான். 520 யூனிட் ஓடும் சின்னக் கிளை இருபத்தைந்து யூனிட் குறைத்தால் கிடைக்கும் லாபம் இருபத்தைந்து யூனிட்டின் விலையைவிட அதிகம். 100, 200, 300 என்ற கீழ்ப்படிகளிலும் இதே கதை. உங்கள் கிளைகளில் எவை இந்த விளிம்பில் நிற்கின்றன என்று பாருங்கள். முதல் வேலையை அங்கேயே தொடங்குங்கள்.

யூனிட்டுக்கு மேலே நிலைக் கட்டணம் உண்டு. அது கனெக்டட் லோடைப் பொறுத்தது, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம். ட்யூப்பை எல்லாம் எல்இடி ஆக்கி, இரண்டு பழைய ஏசியைக் கழற்றிய பிறகும் மின்வாரியத்தின் ஏட்டில் பழைய லோடே இருக்கும். நீங்களாகப் போய்ச் சொல்லாமல் யாரும் குறைக்கமாட்டார்கள். செக்‌ஷன் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்து, சோதனைக்கு வரச் சொல்லி, குறைத்து வாங்குங்கள். உயர் அழுத்த (ஹெச்டி) இணைப்பு எடுத்த பெரிய கடைகளுக்கு மாலை 6 முதல் 10 மணிவரை யூனிட் விலை கூடுதல். தண்ணீர் ஏற்றுவது, மாவு அரைப்பது போன்ற வேலைகளை அந்த நேரத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

கிளைகள் ஐந்தாறுக்கு மேல் போனாலோ, ஹெச்டி இணைப்பு இருந்தாலோ, ஒருமுறை முறையான மின் ஆடிட் செய்வது நல்லது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மாநில எரிசக்தி மேலாண்மை மையம் இருக்கிறது, 1996இல் தொடங்கப்பட்டது. சான்று பெற்ற ஆடிட்டரைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். அவர் வரும்போது உங்கள் கையில் மூன்று மாத நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு கிளையின் காலை எண், இரவு எண், எம்சிபி பட்டியல், கூலர் ஒவ்வொன்றும் நாளுக்கு எடுக்கும் யூனிட், சதுர அடிக் கணக்கு, கடைசி பன்னிரண்டு பில் நகல். இவை இருந்தால் முதல் நாளிலேயே அவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.